கண்டிக்குப் போனவர் பங்கு

அரியலூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு, மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். என் முன்னால் நின்று அழுதவர்கள் உண்டு, சர்க்காரைச் சபித்தவர்கள் உண்டு. என் கையெழுத்தைக் குறை சொன்னது ரெங்கம்மாள் ஒருத்திதான். அவளுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. "எழுத்து இப்புடி சாஞ்சு கெடந்தா ஆபீசர் எப்புடிண்ணே நிமிந்து பாப்பாரு?" என்று கேட்டாள். கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து நேராக எழுதப் பழகிக்கொண்டேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, புருஷன் கொளஞ்சியை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, எழுபத்தைந்தில் மகள் ஜானகியோடு கப்பலேறி வந்தவள் அவள். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் வேலை கிடைத்தது. கையில் இருந்த சொத்து, மாமனாரின் பழைய தோட்டத்துக் காகிதம் ஒன்று. அதில் பெயர் முத்தன், ஊர் அரியலூர் என்று இருந்தது. நான் எப்போது மாமனார் பெயரைக் கேட்டாலும், "அதுலயே இருக்கு பாருங்க" என்று காகிதத்தைத்தான் நீட்டுவாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்பதில் அவள் மலை மாதிரி.

அரியலூரில் அப்படி ஒரு குடும்பம் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. அதனால் வந்த கஷ்டம் ஜானகியின் தலையில் விடிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "எந்தச் சாமி கும்புடுறீங்க? பங்காளிங்க யாரு?" என்பதுதான். ஒரே குலசாமி என்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. "தெரியாதுங்க" என்பதுதான் ரெங்கம்மாளின் பதில். காப்பியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்னொருத்தியாக இருந்தால் வாய்க்கு வந்த ஒரு சாமி பெயரைச் சொல்லி மகளைக் கரையேற்றியிருப்பாள். இவள் தேடக் கிளம்பினாள். அதுவும் தனக்கு மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு. அன்றைக்குத் தன்னைப்போலத் திரும்பி வந்த குடும்பங்களையெல்லாம் காகிதங்களோடு என் மேசைக்கு இழுத்து வந்துவிடுவாள். நான் படிக்கப் படிக்க அவள் மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். எல்லார் காகிதத்திலும் ஊர் அரியலூர் என்றே இருப்பதை முதலில் பிடித்தது அவள்தான். "ரயில் ஏறுன எடத்த ஊருன்னு எழுதிப்புட்டான்ணே, தோட்டத்துக் கணக்கப்புள்ள." அது மட்டுமில்லை. ஒரே கங்காணி ஒரே நாளில் கூட்டிப்போன ஆட்கள் என்றால், அவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். ஒருவருக்கு ஊர் தெரிந்தால் போதும், சுற்று வட்டாரத்தில் மற்றவர்களுக்குத் தேடலாம். பெரம்பலூர் வரைக்கும் அலைந்து கர்ணங்களின் பழைய பிறப்புக் கணக்குகளைப் புரட்டினோம். நிலம் வைத்திருந்தவனுக்குப் பட்டா பேசும். கூலிக்காரனுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி அகப்பட்டாலே பெரிய காரியம். அப்படியும் பல குடும்பங்களுக்குப் பங்காளிகள் கிடைத்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் ரெங்கம்மாளும் கூட நின்று அழுதாள். அவளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

செந்துறைப் பக்கம் கல்லம்பாடியில் ஒரு முத்தன் அகப்பட்டபோது துள்ளிக் குதித்தோம். விசாரித்தால், அந்த ஆள் கடல் என்ன, கொள்ளிடத்தையே தாண்டாதவர். உள்ளூரிலேயே வாழ்ந்து செத்தவர். ஆனாலும் போன கால் வீண் போகவில்லை. விசாரித்த இடத்தில் ராசாங்கம் என்பவர் பழக்கமானார். அவர் மகன் உத்திராபதி குவாரி லாரி ஓட்டுகிறவன், தங்கமான பையன். ஜானகியைக் கேட்டார்கள். ரெங்கம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்: "எங்க சாமி எதுன்னே தெரியாதுங்க. நாளைக்கு முறை தப்பிப்போச்சுன்னா?" ராசாங்கம் சிரித்தார். "எங்க பங்காளியில முத்தன்னு யாரும் சிலோனுக்குப் போவல. எங்க வூட்டுக்கு வாழ வந்தா எங்க சாமிதான் பொண்ணுக்கும் சாமி. விடுங்க."

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

ஆடியில் ராசாங்கம் வீட்டுக் குலசாமி வாழ்முனிக்குக் கெடா வெட்டு. சம்பந்தி வீட்டுக்கும் அழைப்பு வந்தது. ஆண்துணை இல்லாத வீடு என்பதால் நான் போனேன். தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் ரெங்கம்மாளோடு பக்கத்து வீட்டில் இருந்த குஞ்சம்மாளும் வந்தாள். ஜானகி வீட்டில் இருந்துகொண்டாள். எங்களைக் கண்டதும் உத்திராபதி, "வாங்கத்தே" என்று ஓடி வந்து பாய் விரித்தான்.

பூசை முடிந்து கறி பங்கு போட்டார்கள். பங்காளி வீட்டுக்கு ஒரு இலை. ராசாங்கத்தின் அப்பா மாயவன், தள்ளாத வயது, குச்சியை ஊன்றி நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டிலிருந்து ஒருவர் "இருக்கோம்" என்று சொல்லி இலையை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் வாங்கிய பிறகும் ஒரு இலை மிச்சமிருந்தது.

"கண்டிக்குப் போன சடையன் வூடு!" என்று கூப்பிட்டார் பெரியவர். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்து நின்றார்.

ராசாங்கம் என் காதருகே குனிந்தார். "எங்க பெரியப்பாங்க. எளவட்டத்துலயே போனவரு. வருசா வருசம் கூப்புடுவோம். ஆளு வராது. பங்க சாமிக்கே வச்சிடுவோம்."

திரும்பிப் பார்த்தேன். ரெங்கம்மாள் முகத்தில் ரத்தமில்லை. குஞ்சம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆவணியில கல்யாணம்டி. பேசாம இரு" என்று முணுமுணுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் இருவருக்கும் புரிந்துவிட்டிருந்தது. காகிதத்தில் முத்தனாக இருந்தவரை, லயத்துக் கிழவர்கள் எல்லாரும் சடையன் என்றுதான் கூப்பிடுவார்களாம். முடியை வளர்த்துக் கொண்டை போட்டிருந்ததால் வைத்த பட்டப்பெயர் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். மருமகள் சொல்லக்கூடாத பெயர் என்பதால் ரெங்கம்மாள் அதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாயவன் இலையை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். ரெங்கம்மாள் குஞ்சம்மாளின் பிடியை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கோம்" என்றாள்.

மாயவன் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"அவரு மருமவ."

"என்ன அடையாளம்?"

"எடது காது மடல் ரெண்டா பொளந்திருக்கும். சின்னதுல தம்பி அருவாள வீசுனதுல பட்டதுன்னு சொல்லுவாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

மாயவனின் குச்சி கீழே விழுந்தது. "நான்தாம்மா அந்தத் தம்பி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். முத்தன் கதையும் அப்புறம்தான் வந்தது. "கங்காணிகிட்ட பேரு குடுத்தது முத்தன்தான். டேசன்ல பயந்து எறங்கி ஓடியாந்துட்டான். வழியனுப்பப் போன எங்கண்ணன் அவன் சீட்ட வாங்கிக்கிட்டு அவன் பேருலயே ஏறிப் போயிட்டாரு." நாங்கள் தாலுகா தாலுகாவாகத் தேடிய முத்தன், கல்லம்பாடியில் அகப்பட்ட, ஊரை விட்டே போகாத அந்த முத்தன்தான்.

உத்திராபதி அந்தக் கடைசி இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "இந்தாங்க சின்னம்மா. ஒங்க பங்கு" என்றான். காலையில் அத்தே என்று கூப்பிட்ட அதே வாய்.

பிற்பாடு கர்ணம் வீட்டுப் பிறப்புக் கணக்கில் சடையன் பெயரையும் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. ஜானகி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்று கேள்வி. தாயை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம்.

தை மாதம் ஜானகிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெயங்கொண்டம் பக்கம், வேறு சாமி கும்பிடுகிறவர்கள். பையனைத் தேடிப் பிடித்ததும், பெரியப்பாவாக முன்னால் நின்று நடத்தியதும் ராசாங்கம். மாப்பிள்ளைக்கு மச்சானாக நின்று மோதிரம் போட்டவன் உத்திராபதி. போடும்போது அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அது எதனால் என்று நான் கேட்கவில்லை.

பந்தலில் குஞ்சம்மாளுக்கு மனசு ஆறவில்லை. அவள் வீட்டுக்கு இன்னும் ஊர் கிடைக்கவில்லை, அவளுடைய காகிதம் என் மேசையில்தான் இருந்தது. "அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குடி தெரியும்?" என்று கேட்டாள்.

ரெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பெரியவரு இத்தன வருசமா கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காருடி. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, பதில் சொல்லாம எப்புடி இருக்கறது?"