உப்புப் பார்ப்பதற்குள்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இது நடந்தபோது மணி பதினொன்று நாற்பது.

என் மகள் பிரான்சில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாள் அன்று மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மகள் காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். அவருக்கு நல்லபடியாக ஒரு வேளைச் சோறு போட வேண்டுமே என்று நான்கு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

தன் ஊர்த் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில், அதைப் பற்றிய தாள் ஒன்று, இரண்டையும் அவர், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய என் மகளிடம் முன்னாலேயே கொடுத்தனுப்பியிருந்தார். மகள் அந்தத் தாளைத் தமிழில் எழுதி வைத்தாள். காற்றுப் பட வேண்டுமாம், பாட்டிலின் தக்கையையும் எடுத்து வைத்தாள். பிறகு அவரை அழைத்துவர மதுரைக்குப் போய்விட்டாள். தாளில் ஏழு வரி. கறுப்புப் பழங்களின் மணம், லேசான புளிப்பு, நாக்கில் துவர்ப்பு. மீனுக்கு ஆகாது, அதிகக் காரத்துக்கும் ஆகாது. ஏழாவது வரி, ‘கொழுப்புள்ள ஆட்டுக்கறியுடன் சேர்க்கவும்.’

முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். சேர்க்கவும் என்றால் சேர்க்க வேண்டும். அளவு எழுதவில்லையே என்பதுதான் என் கவலை.

கறி சமைக்க எங்கள் தெரு பாயை அழைத்திருந்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது மல்லித்தழை வாங்க முக்குக் கடைக்குப் போனார். நான் ஒயினை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கு வறண்டது. இருமல் மருந்து மூடியால் பத்துப் பத்து மில்லியாக, பதினைந்து தடவை அளந்து குழம்பில் ஊற்றிக் கிளறினேன். வினிகர் போல ஒரு சாமான், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

பாய் வந்தார். தழையைப் போட்டார். உப்புப் பார்ப்பதற்காகக் கரண்டியால் உள்ளங்கையில் கொஞ்சம் குழம்பை விட்டு ஊதினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மது. இவர் ஐந்து வேளையும் தொழுகிறவர்.

சொன்னால் எழுந்து போய்விடுவார். விருந்தாளி வர இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. உள்ளங்கை உதட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

“பாய்! வாயில வைக்காதீங்க!”

கை அப்படியே நின்றது. “என்ன அண்ணாச்சி, பல்லி கில்லி விழுந்துட்டா?”

“ஒயின ஊத்திட்டேன் பாய்.”

அவர் குழாயடிக்குப் போனார். வெகு நேரம் கையைக் கழுவினார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா அண்ணாச்சி?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தாளை நீட்டினேன். படித்துவிட்டு, “மகளுக்குப் போனப் போடுங்க” என்றார்.

“ஐயோ அப்பா! கறியோட சேர்த்துக் குடிக்கதுக்கு! குழம்புக்குள்ள ஊத்தவா எழுதுனேன்?” மகள் போட்ட சத்தம் கொல்லை முழுக்கக் கேட்டது.

“ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டீங்களே” என்றாள் என் மனைவி, அடுக்களை வாசலில் நின்றபடி.

பாய் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். போகத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“கறி மிச்சம் இருக்கா?”

“எழுநூறு கிராம் இருக்கு.”

“அந்தச் சட்டியில நா இனி கை வைக்க மாட்டேன். வேற சட்டி, வேற கரண்டி எடுங்க. அவிய குடிக்கது அவிய பாடு. நம்ம பிள்ளையப் பாத்துக்கிட்டவியளப் பட்டினி போட முடியாதுல்லா.”

கறியைக் குக்கரில் வேகவைத்து, காரத்தைக் குறைத்து, கொழுப்பை எடுக்காமல் சுக்கா வறுத்தார். ஒன்று இருபத்தெட்டுக்குக் கார் வந்தது. வந்த அம்மாளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பாய் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த அம்மாள் சுக்காவில் ஒரு வாய், ஒயினில் ஒரு மிடறு என்று நிதானமாகச் சாப்பிட்டார். கறியின் கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கிறதாம், துவர்ப்பு கொழுப்பை வழித்து எடுத்துவிடுகிறதாம். அதனால் ஒவ்வொரு வாயும் முதல் வாய் போலவே இருக்கிறது என்று அவர் சொன்னதை மகள் எங்களுக்குச் சொன்னாள். மூன்று முறை கறி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாய் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறார். டீக்கடையில் நாலு பேர் இருந்தால் போதும், “அண்ணாச்சி நெனச்சிருந்தா பேசாம இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? மனுசன் கத்திட்டாருல்லா!” என்று ஆரம்பித்துவிடுவார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடிப்பேன். கத்துவதற்கு முன்னால் மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.