சுக்குக் கிடங்கில் முடிவெட்டு

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வந்ததும் அவன் தலையில் கை வைத்து ஓதி, மூன்று முறை ஊதுவது என் வழக்கம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குனிந்து ஊதினேன். பிறகு நேராக நின்று ஊதினேன். இப்போது குதிகாலைத் தூக்க வேண்டியிருக்கிறது. அல்லாஹ் அவனை வளர்த்துவிட்டான், என்னைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டான்.

அவனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு. ஒரு வார்த்தையில் முடியும் காரியத்துக்கு இரண்டாவது வார்த்தை செலவழிக்க மாட்டான். சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். அவன் உம்மா தேங்காயை அம்மியில் அரைத்தே பழகிவிட்டாள். "எங்க வீட்டுச் சம்மந்தித் துவையல் மட்டும் இவ்வளவு ருசியா இருக்கே, அதுக்கு இவன்தான் காரணம்" என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பாள்.

நோன்பு மாதத்துக்கு நாலு மாதம் முன்பு ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் அவன் முடியைப் பார்த்து, "பொண்ணுக்குப் பூ வாங்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே சலூனுக்குக் கூட்டிப்போனேன். மெஷின் இரைந்ததும் அவன் எழுந்தான். நானும் வேறு மூன்று பேரும் அமுக்கிப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவன் அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு நான் கையைத் தூக்கியதும், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, உம்மாவின் பின்னால் நின்றான். உம்மா அவன் நெஞ்சளவுதான். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான் வாசற்படியில் நின்று தூரத்திலிருந்தே ஊத ஆரம்பித்தேன்.

"அங்கேருந்து ஊதினா இங்க எப்படி வரும்? நடுவுல ஃபேன் வேற ஓடுது" என்றாள் வீட்டுக்காரி.

சிரித்துவிட்டேன். ஆனால் தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் துஆவில் வேறொன்றும் வரவில்லை. ரப்பே, அந்தத் தலையை எனக்குத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

முடி மறுபடி காதை மூடியது. பெருநாள் வந்துகொண்டிருந்தது. முடி வெட்டத்தான் வேண்டும், ஆனால் பிடிக்கக்கூடாது. படகேறி எறணாகுளத்தில் அவன் போகும் பயிற்சி மையத்து டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

"இக்கா, அவன் அடம் பிடிக்கிறதில்ல, வலிக்குது" என்றார் டீச்சர். "மெஷின் சத்தம் அவனுக்கு மண்டைக்குள்ள கேக்கும். கழுத்துல விழுற முடி ஒவ்வொண்ணும் முள்ளு. அதை விடப் பெரிய பயம், இது எப்போ தீரும்னு தெரியாதது. அவனுக்குச் சுகமான இடத்துல வெட்டுங்க. எத்தனைன்னு முன்னாடியே சொல்லுங்க. சொன்னா அதுல நில்லுங்க."

சுகமான இடம் எது என்று திரும்பி வரும்போது படகிலேயே யோசித்தேன். கொச்சங்காடியில் என் சுக்குக் கிடங்குதான். மதியம் லுஹருக்குப் பிறகு தினமும் அங்கே வருவான். இரண்டு மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைவதே கஷ்டமான சந்து ஒன்று உண்டு. அதற்குள் போய் அமுங்கி உட்கார்ந்துகொள்வான். "மூச்சு முட்டும்டா" என்று பல வருடம் இழுத்து வெளியே விட்டிருக்கிறேன். எங்கள் சுமட்டுக்காரச் சேட்டன்தான் ஒருநாள் என்னைத் தடுத்தார். "விடு இக்கா. சிலருக்குத் தூங்கப் போர்வை வேணும், இவனுக்குச் சாக்கு வேணும்" என்று சொல்லி, பத்துக் கிலோ சுக்கைச் சின்னச் சாக்கில் கட்டி அவன் மடியில் வைத்தார். பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டான். பத்தொன்பது வருடம் பெற்று வளர்த்தவனுக்குத் தெரியாதது மூட்டை தூக்குகிறவருக்குத் தெரிந்திருந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சலூனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கத்தரியோடு கிடங்குக்கு வந்தார். மெஷின் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"மணவறையில உக்காந்த மாப்பிள்ளைக்கே வெட்டியிருக்கேன் பாய். சுக்கு மூட்டைக்கு நடுவுல இதான் மொதத் தடவை. கண்ணாடி எங்க?"

"உன் மூஞ்சியை இப்போ யாரு பார்க்கணும்?" என்றார் சேட்டன், கையில் சாயா கிளாசோடு. நோன்பு பிடித்த எனக்கும் தம்பிக்கும் முன்னால் அவர் ஊதி ஊதிக் குடித்தது தனிக் கொடுமை.

மகன் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான். மடியில் சின்னச் சாக்கு. "இருபது வெட்டு. அப்புறம் கத்தரி கீழ" என்றேன்.

"கீழ" என்றான்.

தம்பி குனிந்தார். "ஒண்ணு."

மகன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். தம்பி சிரித்துக்கொண்டு மறுபடியும் "ஒண்ணு" என்றார். அவன் எழப் பார்த்தான். நான் ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தேன்.

"இக்கா, ஓதினது போதும்" என்றார் சேட்டன். "நம்ம கிடங்குல யாராவது ஒண்ணுன்னு எண்ணத் தொடங்குவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தொழிலில் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். என் அத்தா அப்படித்தான் எண்ணினார், நானும் தினமும் அப்படித்தான் உரக்க எண்ணுகிறேன். பத்து வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, ஒன்றில் தொடங்குவது ஊர் தெரியாத கணக்கு. அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

"லாபம்னு தொடங்குங்க தம்பி."

"சலூன்ல இப்படி எண்ணினா கஸ்டமர் எந்திரிச்சு ஓடிருவாரு பாய்" என்று முனகிவிட்டு, "லாபம்" என்றார். கத்தரி ஒரு முறை கிச்சென்றது. மகன் கையை எடுத்துவிட்டான். "ரெண்டு" என்று அவனே சொன்னான். மூன்றிலிருந்து சேட்டனும் சேர்ந்துகொண்டார். லோடு ஏற்றுவதுபோல மூன்று பேரும் பாடிக்கொண்டே இருபதுக்கு வந்துவிட்டார்கள்.

வந்ததோடு விட்டிருக்கலாம். காதோரம் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் தொழில் புத்தி விடவில்லை. இன்னொரு கிச்.

மகன் துள்ளி எழுந்தான். மடிச் சாக்கு சரிந்து சுக்கு தரையெல்லாம் ஓடியது. இரண்டு கையும் தலைக்கு மேல். என் கை தானாகவே போய் அவன் தோளைப் பிடித்தது, அழுத்தப் பார்த்தது. சலூனில் அமுக்கிய அதே கை. ஊதும்போது தலையில் வைப்பதும் அதே கைதான். நெருப்பில் பட்டதுபோல எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தம்பி தரையில் குத்த வைத்து உட்கார்ந்தார். "தப்புதான் ராசா. இருபத்தொண்ணு என் தப்பு" என்று கத்தரியைத் தராசுத் தட்டில் வைத்து, கையை விரித்துக் காட்டினார். மகன் தட்டில் இருந்த கத்தரியை நெடுநேரம் பார்த்தான். பிறகு உட்கார்ந்து சிந்திய சுக்கை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டான். கடைசித் துண்டையும் போட்டுவிட்டு, "நாளைக்கு" என்றான்.

மறுநாள் அவனே வந்து உட்கார்ந்தான். ஓர் இருபது முடிந்ததும் "இன்னும்" என்றான். இப்படி ஐந்து இருபது. இடது பக்கமும் வலது பக்கமும் முடிந்தன. பின்மண்டை அடுத்த நாளுக்கு என்று பேச்சு. ஆனால் அன்றைக்கே பிறை தெரிந்துவிட்டது. நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்து, பெருநாள் எங்களை முந்திக்கொண்டது.

"முன்னாடி பார்த்தா மாப்பிள்ளை, பின்னாடி பார்த்தா ஃபக்கீர்" என்று அவன் உம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெருநாள் தொழுகையில் எங்களுக்குப் பின்வரிசையில் அந்தக் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர். தொழுகை முடிந்து கட்டிப்பிடிக்கும்போது, "என்ன இது, பாதி வெட்டி விட்டிருக்கே?" என்றார்.

"இருபது தீர்ந்துபோச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் அவசரமில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு வழக்கம்போல வாசற்படியில் நின்று ஃபேனை அணைத்தேன். மகன் சமையலறையிலிருந்து வந்தான். நேரே என் முன்னால் நின்று, என் வலது கையைப் பார்த்தான்.

"லாபம்" என்றான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவன் தலையைக் குனிந்தான். நான் குதிகாலைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. கையை மெதுவாக வைத்தேன். வெட்டிய பக்கம் முள்ளாகவும் வெட்டாத பக்கம் பஞ்சாகவும் இருந்தது. ஓதி ஒரு முறை ஊதினேன். "ரெண்டு" என்றான். ஊதினேன். "மூணு." ஊதினேன்.

ஐந்து மாதத்துப் பாக்கி இருக்கிறதே, நாலாவதும் ஊதிவிடலாமா என்று ஆசை வந்தது. மூச்சைக்கூட இழுத்துவிட்டேன். தம்பியின் இருபத்தொன்று ஞாபகம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த மூச்சை வேறு பக்கம் விட்டுவிட்டு, கையைக் கீழே எடுத்தேன்.