அந்தி நேரத்துப் படம்

நாற்பது வருஷமாகச் சுவர்களுக்கு வண்ணம் அடித்துப் பிழைத்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பெயிண்டர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. நகத்தளவு சுவர்ச் சில்லு ஒன்றைக் கொடுத்தால் போதும், கண்ணாலேயே பார்த்துக் கலந்து, பழையது எது புதியது எது என்று தெரியாதபடி அடித்துவிடுவார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கித்தான் அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலாக நுழைந்தார். பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாணயமோ, வரைபடமோ, மண்பாண்டமோ, எந்தக் கண்காட்சி வைத்தாலும் போய்விடுவார். ஆனால் கடைசியில் கால் மாடிக் கூடத்துக்குத்தான் போகும். அங்கே ஓர் ஆற்றங்கரை ஓவியம். தேன் நிறத்தில் வானம், அந்தி மயங்கும் நேரம். அதன் முன்னால் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், வாரம் முழுக்க ஏணி ஏறின வலி இறங்கிவிடும்.

கூடத்தைப் பழுதுபார்க்க மூன்று மாதம் பூட்டியிருந்தார்கள். திறந்த அன்றே ஓடினார். படத்தைப் பார்த்ததும் திக்கென்றது. வானம் நீலமாக இருந்தது. அந்தியைக் காணோம், பளிச்சென்று காலை வெளிச்சம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். நீலம்தான். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய பெரியப்பாவும் பெயிண்டர். ஐம்பத்தைந்து வயதில் நிறம் குழம்பி, பச்சை கேட்ட வீட்டுக்குச் சாம்பல் அடித்துவிட்டு, அத்தோடு பிரஷைக் கீழே வைத்தவர். இவருக்கு இப்போது ஐம்பத்தாறு.

அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே மூடியைத் திறந்தார். வியாழக்கிழமை மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“இந்தப் போர்வை என்ன கலரு?”

“நீங்க பெயிண்டரா, நான் பெயிண்டரா?”

“சொல்லேன்.”

“ஊதா. ஏன், உங்களுக்கு என்னவா தெரியுது?”

“ஊதாதான்.”

“அப்புறம் எதுக்குக் கேட்டீங்க? மூஞ்சியைப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி.”

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். “டாக்டர்கிட்ட அப்புறம் போகலாம். மொதல்ல அந்தப் படத்தை நான் பார்க்கணும்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடியேறினார்கள்.

“எனக்கும் நீலமாத்தான் தெரியுது,” என்றாள்.

அவருக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியானால் முன்பு தேன் நிறமாகத் தெரிந்ததுதான் கோளாறோ? இத்தனை வருஷம் கலந்து அடித்த சுவரெல்லாம் என்ன கதியோ?

அவள் நேராகக் கூடத்துக் காவலரிடம் போனாள். “அண்ணே, இந்தப் படத்துல வானம் எப்பவுமே நீலமா?”

காவலர் சிரித்தார். “இல்லம்மா, பழுப்பா இருந்துச்சு. மேல பூசின பழைய வார்னிஷ் மஞ்சளாயிடுச்சு. கூடம் பூட்டியிருந்தப்ப ஒரு அம்மா வந்து பஞ்சால கொஞ்சம் கொஞ்சமாத் தொடச்சு எடுத்தாங்க. கீழ் மூலையைப் பாருங்க, எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுக்காக ஒரு துண்டு அப்படியே விட்டிருக்காங்க.”

பெயிண்டர் குனிந்தார். தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். அதே தேன் நிறம்.

பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது. பின்னாலேயே சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு.

“கதவுக்கு அடிச்ச வார்னிஷ் நாளானா மஞ்சளாகும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். எனக்கே உறைக்கலையே!”

“மெதுவா, மெதுவா,” என்றார் காவலர்.

“உறைக்காது. வாயைத் தொறந்து கேக்கவும் மாட்டீங்க,” என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை.

கிளம்பலாம் என்று அவள் கூப்பிட்டபோது அவர் நகரவில்லை. பழுப்புக்குள் மறைந்து கிடந்த ஒரு சின்னப் படகு இப்போது அக்கரையில் தெரிந்தது. அதில் ஒருவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.