குந்தாணிக்கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போன கதை

மலைமேல் தனியாகக் கிடக்கும் ஒரு பாறையில் ஏற வேண்டும், அதுவரை நடந்து போவதற்கு எப்படித் திட்டம் போடுவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். இப்போது பாறை ஏறுவதற்கென்றே காலணியும், விழுந்தால் தாங்க மெத்தையும் விற்கிறார்களாம். நாங்கள் போனது 1984 பிப்ரவரியில். எங்களிடம் இருந்தவை ஒரு சைக்கிள் டியூப், ஒரு நூல்கண்டு, இரவல் கேமரா ஒன்று, நான் எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு. வெட்கப்படாமல் சொல்கிறேன், குற்றாலத்து மலையில் ஒரு பாறைக்கு நடந்து போக அவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போட்ட ஆள் எனக்கு முன்னால் இருந்திருக்க முடியாது. அந்தத் திட்டத்தில் இருந்த ஓட்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. என்னோடு பள்ளியில் படித்த முத்துப்பாண்டி இலத்தூரில் தையல்கடை வைத்திருந்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு இடது கால் சூம்பிவிட்டது. வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. தையல்காரன் அல்லவா, தானே டேப் வைத்து அளந்து சொன்ன கணக்கு. ஆனால் கைகள் இருக்கின்றனவே, பாறையில் ஒரு விரல் நுழைய இடம் கிடைத்தால் போதும், உடம்பு மொத்தத்தையும் தூக்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் இலத்தூருக்கு வெளியே கிடக்கும் பாறைகளில் அவன் ஏறுவதும், நான் பாதியில் சறுக்கிக் கீழே வருவதுமாகப் பொழுது போகும்.

அவன் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. மூத்த அண்ணன் ராணுவ உடையில், இளைய அண்ணன் போலீஸ் உடையில். மூன்றாவதாக ஒரு ஆணியும் அடித்திருந்தது. அதில் நாட்காட்டி தொங்கும். ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே முத்துப்பாண்டி அதைப் பார்த்தான். “அந்த ஆணியில எம்படம் தொங்கணும்லே. மெஷின்ல உக்காந்து தைக்கிற படம் இல்ல. எவனும் ஏறாத கல்லுல ஏறி நிக்கிற படம்” என்றான். நான் சிரிக்கவில்லை. நல்ல வேளையாகச் சிரிக்கவில்லை.

அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னவர் செல்லையா அண்ணாச்சி. மலையில் தைலப்புல் அறுத்து, மேலேயே கொட்டகை போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுப்பவர். முத்துப்பாண்டியிடம்தான் சட்டை தைப்பார்.

“உச்சியில புல்லுமேட்டுல ஒரு கல்லு கெடக்கு தம்பி. கவுத்துப்போட்ட குந்தாணி உரல் மாதிரி. குந்தாணிக்கல்லுன்னுதான் சொல்லுவோம். இத்தன வருசமா புல்லு அறுக்கேன், ஒரு பயலும் அதுல ஏறிப் பாக்கல. கொரங்குகூட சுத்திப் பாத்துட்டுப் போயிருது” என்றார்.

முதல் தடவை 1983 ஆகஸ்டில் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். மலை என்றால் சீசனில்தான் போக வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய புத்தி. சாரலும் மேகமுமாக மேலே போய்ச் சேர்ந்தபோது, கல் முழுக்கப் பாசி. அட்டைக்கடி பதினேழு. முத்துப்பாண்டிக்கு நடந்த நடையிலேயே இடுப்பு விட்டுப்போய், கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புல்லில் படுத்துவிட்டான். இறங்கும்போது செல்லையா அண்ணாச்சி முக்கால் தூரம் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். இலத்தூரில் இரண்டு பேர், “நொண்டிக்கு மலை கேக்குதோ” என்று பேசியது என் காதில் விழுந்தது. அவன் காதிலும் விழுந்திருக்கும். ஒரு மாதம் அவன் பாறைப் பேச்சையே எடுக்கவில்லை. அப்போதுதான் நோட்டு வாங்கினேன்.

பாறை அவனுக்குப் பிரச்சினை இல்லை, நடைதான் பிரச்சினை. கல்லடியில் போய் நிற்கும்போது அவன் கையில் முழு பலமும் மிச்சமிருக்க வேண்டும். டிசம்பரில் விடுப்புப் போட்டுவிட்டு, இடது முழங்கால் மடங்காதபடி ஒரு கம்பை வைத்துக் கட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நானே ஏறினேன். வழியில் செல்லையா அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, நேத்திக்கடனா?”

“இல்ல அண்ணாச்சி. முத்துப்பாண்டிக்கு எங்கன எங்கன நோவும்னு பாக்கேன்.”

“அவன்ட்ட கேட்டாச் சொல்லிருவாம்லா?”

“கேட்டா, நோவாதுன்னுதான் சொல்லுவான்.”

அவர் சிரித்துவிட்டுக் கூடவே நடந்தார். அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வழக்கமான பாதை ஒன்பது கிலோமீட்டர். ஏறும்போது மலைச்சரிவு வலது கைப்பக்கம், பள்ளம் இடது பக்கம். குட்டைக் காலை ஒவ்வொரு அடிக்கும் பள்ளத்தில் இறக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகாமல் என்ன செய்யும்? “மலை இடது பக்கமா வர்ற மாதிரி வேற பாதை இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன். இருந்தது. மறுபக்கமாகச் சுற்றிப் போவது, பதினொரு கிலோமீட்டர். அதில் குட்டைக் காலுக்கு மேடு கிடைக்கும், இரண்டு காலும் சமமாகிவிடும். இறங்கும்போது பழைய பாதையில் இறங்கினால் அங்கேயும் மலை இடது பக்கம்தான். ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. அதைக் கண்டுபிடித்த பெருமை இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

மற்றதையும் எழுதினேன். சுற்றுப்பாதையில் ஏழாவது கிலோமீட்டரில் தைலக் கொட்டகை. முதல் நாள் அங்கே தங்கல். மறுநாள் காலையில் மிச்சம் நான்கு கிலோமீட்டர். அரை மணி நேரம் நடை, பத்து நிமிடம் உட்காரல். செல்லையா அண்ணாச்சி மேலே புல் அறுத்துக் கட்டி வைக்கும் வாரமாகப் பார்த்துத் தேதி குறித்தேன். விழுந்தால் தாங்க, அவருடைய புல்லுக்கட்டுகள்தான் எங்களுக்கு மெத்தை. இருபது கட்டாவது வேண்டும் என்றேன். முப்பது தருகிறேன் என்றார்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. இலத்தூரிலிருந்து முத்துப்பாண்டி காலை ஆறரைக்குத் தென்காசி வந்து சேர்ந்தான். 6.50க்குக் குற்றாலம் பஸ், ஐந்து கிலோமீட்டர், டிக்கெட் எழுபது பைசா. இட்லி சாப்பிட்டுவிட்டு, நோட்டில் எழுதியிருந்தபடி 7.30க்கு எண்ணெய்த் தேய்ப்பு. ஆமாம், அதையும் நான்தான் எழுதியிருந்தேன். ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்து அவனுக்குக் கை கால் எல்லாம் வலி. குற்றாலத்துக்கு வந்துவிட்டு உடம்பு வலிக்கு எண்ணெய் தேய்க்காமல் போனால் பாவம் என்று நினைக்கிற ஊர் எங்கள் ஊர். தேய்ப்பவர் ஆளுக்கு முக்கால் மணி நேரம், விரல் இடுக்கு விடாமல், நல்லெண்ணெயை உள்ளே இறக்கிவிட்டார். மாசி மாதத்து அருவியில் கயிறு மாதிரி கொஞ்சம் தண்ணீர்தான். குளித்தோம் என்று பேர்.

ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கி, மூன்று மணிக்குக் கொட்டகை. முத்துப்பாண்டி வந்து சேர்ந்ததும் உட்காரக்கூட இல்லை. “என்னலே, இவ்வளவுதானா?” என்றான். எனக்கு மார்பு விரிந்துபோய்விட்டது.

மறுநாள் ஆறு மணிக்குப் புறப்பட்டு 8.40க்குப் புல்மேடு. காட்டை விட்டு வெளியே வந்ததும் இடுப்புயரப் புல், காற்று, மரம் ஒன்றுகூட இல்லாத வெளி. நடுவில் கல். பாசி காய்ந்து உதிர்ந்து, சொரசொரவென்று நின்றது. கொட்டகையிலிருந்து கூட வந்த அண்ணாச்சியும் சேர்ந்து புல்லுக்கட்டுகளை இரண்டு அடுக்காகச் சுற்றிப் போட்டோம். முத்துப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல இடது பாதத்தில் மட்டும் சைக்கிள் டியூபை வரிந்து கட்டினான். அந்தக் கால் தானாகப் பாறையைப் பற்றாது, ரப்பர்தான் பற்ற வேண்டும்.

முதலில் நான் ஏறினேன். ஆறடி. விழுந்தேன். அதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து அவன் ஏறினான். அவனும் ஆறடியில் விழுந்தான். இரண்டாவது தடவையும் அதே இடம். எழுந்து உள்ளங்கையைப் பார்த்தான். வெயிலில் வேர்வையோடு நேற்றைய எண்ணெய் கசிந்து, கை பளபளவென்று மின்னியது.

“ஏலே, வழுக்குதுலே. எண்ணெய்!” என்றான். “எவன்லே எண்ணெய் தேய்க்கச் சொன்னது?”

நோட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் கம்பைக் கட்டி நடந்தவன், அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட்டவன், கையில் எண்ணெய் தடவிக் கூட்டி வந்திருக்கிறேன். மண்ணில் தேய்த்துப் பார்த்தோம், புல்லில் துடைத்தோம். துடைக்கத் துடைக்க ஊறியது. பதினோரு மணிக்கு இறங்கத் தொடங்காவிட்டால் வெளிச்சத்தில் அடிவாரம் சேர முடியாது. மணி 9.50. இந்தத் தடவையும் சும்மா இறங்கினால் அவன் இனி எந்தப் பாறையையும் தொடமாட்டான் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

செல்லையா அண்ணாச்சி மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். உள்ளே கைநிறையத் திருநீறு. “கையக் காட்டு” என்றார்.

முத்துப்பாண்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “சாமி துன்னூறு அண்ணாச்சி. இதுக்கா?”

“நல்ல காரியத்துக்குத்தானடா போற. நெத்தியில கொஞ்சம் பூசிக்க, மிச்சத்தக் கையில பூசு. காலுக்கு மட்டும் கேக்கப்படாது, தரமாட்டேன்.”

நெற்றியில் பூசிக்கொண்டான். பிறகு இரண்டு உள்ளங்கையிலும் அப்பித் தேய்த்தான். எண்ணெயை எல்லாம் அது குடித்துவிட்டது.

ஆறடி தாண்டினான். எட்டு. பத்தடிக்கு மேல் ஒரு வழுக்குப் பாகம். வலது காலை வைத்தான், எண்ணெய்க் கால், சறுக்கியது. என் உயிர் போய் வந்தது. அந்த நேரத்தில் டியூப் கட்டிய இடது பாதம் பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலில் அவனால் நிற்க முடியாது. ஒரு நொடி ஊன்ற முடியும். அந்த ஒரு நொடியில் வலது கையை மேலே எறிந்து விளிம்பைப் பிடித்துவிட்டான். அப்புறம் கைகளின் வேலைதான். புரண்டு மேலே போய் எழுந்து நின்றான்.

நானும் அண்ணாச்சியும் போட்ட கூச்சலுக்குக் குற்றாலத்துக் குரங்கெல்லாம் ஓடியிருக்கும். அவன் அமைதியாகச் சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, ஒரு பொத்தானைக் கட்டிக் கீழே விட்டான். பொத்தான் தரையைத் தொட்டதும் நூலில் முடிச்சுப் போட்டான். பின்னால் கடையில் டேப் வைத்து அளந்ததில் பதினான்கு அடி மூன்று அங்குலம்.

கேமராவில் பன்னிரண்டு படம். “இடது காலைக் கொஞ்சம் பின்னால வச்சுக்கலே” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவனோ டியூப் கட்டிய காலை நன்றாக முன்னால் எடுத்து வைத்தான்.

பழைய பாதையில் இறங்கி ஐந்தரைக்கு அடிவாரம் சேர்ந்தோம். அண்ணாச்சி தோள் கொடுக்கத் தயாராகத்தான் வந்தார். தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அந்த மலைப்பகுதிக்கு இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, கேட்டுவிட்டுப் போங்கள். எந்த மலையானாலும் பாறைக்காகப் போகிறீர்கள் என்றால் சீசனில் போகாதீர்கள், தை மாசியில் போங்கள். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். எண்ணெய்க் குளியலை இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, கூட வருபவரின் நடையைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

படத்தைப் பிரேம் போட முத்துப்பாண்டி தென்காசிக்கு எடுத்து வந்தபோது நானும் கடைக்குக் கூடப் போனேன். அண்ணன்மார் படங்கள் மார்பளவுப் படங்கள். கடைக்காரர் இதையும் இடுப்போடு வெட்டிவிடலாம், சுவரில் மூன்றும் ஒரே அளவாக அழகாக இருக்கும் என்றார். முத்துப்பாண்டி படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“வெட்டாதீங்க. அந்தக் காலுதான் என்னை மேல ஏத்திவிட்டுச்சு. பெரிய பிரேமாப் போடுங்க” என்றான்.

இலத்தூரில் அந்தச் சுவரில் இன்றும் மூன்று படங்கள் தொங்குகின்றன. அவனுடைய படம்தான் பெரியது.