உருளைகளின் மேல் ஓடிய சைக்கிள்

ஊரடங்கு வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, பிசிறு இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. என் வீட்டுக்காரர் நிட்டிங் மெக்கானிக். நூலைத் துணியாகப் பின்னுகிற மெஷின்களைப் பழுது பார்ப்பவர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள். மகளை உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்துவிட்டோம். வாடகைக்கு ஒரு மாடி வீடு, நாங்கள் இரண்டு பேர், பழசாக வாங்கிய ஒரு கியர் சைக்கிள்.

அந்த சைக்கிளும் என் ஓட்டமும் வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மகளிர் தினத்துக்காகக் கம்பெனியில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன், இரண்டாவதாக வந்தேன். பரிசாகக் கொடுத்த டிபன் பாக்ஸ் ஒரே மாதத்தில் மூடி உடைந்துபோனது. ஆனால் ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினேனே, அந்த நிமிஷம் என்னை விடவில்லை. மறுநாளே பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். பிறகு வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் என்று ஆயிற்று. இருபது வருடமாக நின்று நின்று மரத்துப்போன கால்கள் என் சொந்தக் கால்களாக ஆனது அப்போதுதான்.

மார்ச் கடைசியில் எல்லாம் நின்றது. கம்பெனி மூடியது. மைதானத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. வீட்டைச் சொந்தமாக வைத்து எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தார். நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம். யார் யாரோ மொட்டை மாடியில் கூடிவிடுவார்கள் என்று அதன் கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் வீட்டுக்குள்ளேயே ஓட ஆரம்பித்தேன். முன்வாசல் கதவிலிருந்து அடுப்படி ஜன்னல் வரை பதினோரு எட்டு. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நான்காம் நாள் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அப்போதுதான் வெளியிலிருந்து வந்தார். அவருக்கு மட்டும் வெளியே போக ஒரு பாஸ் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் தன் கம்பெனிக்குப் போய் மெஷின்களைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எண்ணெய் போட்டுவிட்டு வர வேண்டும்.

"வெயில் காலந்தானே, மெஷினு சும்மா கெடந்தா என்ன?" என்று கேட்டேன்.

"சும்மா போட்டா ஊசியெல்லாம் துருப்புடிச்சிரும்ட்டி."

"எங்காலும் அப்படித்தான்."

அவர் என் முழங்காலைப் பார்த்தார், மூலையில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தார். எதையாவது செய்யப்போகிறார் என்றால் முதலில் அளப்பார். பேச்சு அதற்கப்புறம்தான்.

அடுத்த முறை மெஷினுக்கு எண்ணெய் போடப் போனவர் கம்பெனி மொபெட்டில் மூன்று இரும்பு உருளைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். துணியை விரித்துச் சோதிக்கிற மெஷின் ஒன்று அங்கே உடைந்து கிடந்ததாம். அதன் ரோலர்கள். முதலாளியிடம் போனில் கேட்டிருக்கிறார். "அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டவருக்கு, "வீட்டுல ஒரு ஆளு ஓடணும்ங்க" என்று சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு என்ன புரிந்ததோ, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் வீடு முழுக்க இரும்புத் தூள். பழைய கட்டில் சட்டத்தை அறுத்து, இரண்டு பக்கமும் பேரிங் வைத்து, உருளைகளைக் குறுக்கே மாட்டினார். பின் சக்கரம் உட்கார இரண்டு உருளை, முன் சக்கரத்துக்கு ஒன்று. பின்னால் சுற்றுவது முன்னாலும் சுற்றுவதற்கு ஒரு பெல்ட். மிதித்தால் சக்கரம் ஓடும், உருளை ஓடும், சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"நிக்கும்" என்று அவர் சொன்னார். முதல் நாள் அது நிற்கவில்லை.

ஏறி நான்கு மிதி மிதித்ததும் உருளையிலிருந்து வழுக்கி பீரோ மேல் சாய்ந்தேன். இரண்டாவது தடவை முழங்கை. மூன்றாவது தடவை அவர் மேலேயே விழுந்தேன். ரோட்டில் அத்தனை தூரம் ஓட்டியவளுக்கு, நடுவீட்டில் ஒரு நிமிஷம் ஓட்ட முடியாமல் அழுகை வந்தது.

"வேணாம்ங்க. தூக்கிப் போட்டிருங்க."

"கீழ ரோலரைப் பாக்காத. நேரா ஜன்னலைப் பாரு. கையை இறுக்காத."

சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஐந்து நாள் அப்படி நின்றார். ஆறாம் நாள் காலையில் ஜன்னலைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு நீலச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ கேட்கத் திரும்பினால் சீட்டைப் பிடித்திருந்தவரைக் காணோம். அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பிய வேகத்தில் கொஞ்சம் ஆடினேன். விழவில்லை.

பத்து நிமிஷம் இருபதாகி, ஒரு மணி நேரமாகி, பிறகு தினமும் ஒன்றேகால் மணி நேரம் என்று நிலைத்தது. விடிந்ததும் ஏறிவிடுவேன். இரும்பு உருளை மேல் சக்கரம் ஓடுகிற சத்தம் கடகடவென்று தரையில் இறங்கித் தெருவரைக்கும் கேட்டிருக்கிறது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. இந்த ஊரில் இருபது வருடம் மெஷின் சத்தத்தில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?

ஒரு நாள் பாதி ஓட்டத்தில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர் திறந்தார். இரண்டு போலீஸ்காரர்கள், பின்னால் முந்தானையால் வாயைப் பொத்தியபடி வீட்டுக்கார அம்மா.

"கம்ப்ளெயிண்ட் வந்திருக்குதுங்க. ஊட்டுக்குள்ள மெசின் போட்டு வேலை நடக்குதாமா?" என்றார் மூத்தவர்.

"என்ற ஊட்டுல அப்படியெல்லாம் நடக்காதுங்க சார்," என்று வீட்டுக்கார அம்மாவின் குரல் நடுங்கியது. "ஏங்கண்ணு, என்ன பண்றீங்க உள்ள? தினம் என்ற மண்டைக்கு மேல கடகடன்னு கேக்குது, நானும் கேக்காம இருந்துட்டேன்."

நான் நைட்டிமேல் துண்டு போட்டு, வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தேன். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். அதன் கீழே இருந்த உருளைகளைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தையல் மெஷின் ஏதும் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"சைக்கிள் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "இவ ஓட்டுவா."

"எங்க ஓட்டுவாங்க?"

"இங்கதான் சார்."

மூத்தவர் நம்பவில்லை. "சரி, ஓட்டிக் காட்டுங்கம்மா."

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஜன்னலைப் பார்த்தேன். மிதித்தேன். கடகடவென்று சத்தம் கிளம்பியது. அரை நிமிஷத்தில் பயம் போய்விட்டது. என்னமோ ஒரு வீம்பு வந்து கியரை ஏற்றி இன்னும் வேகமாக மிதித்தேன். சின்னவர் தன்னை மறந்து, "விழுகாம எப்படிங்க்கா ஓட்டறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"பழக்கந்தான் தம்பி," என்றேன், மூச்சு வாங்காமல்.

மூத்தவர் மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "தினமும் எவ்வளவு நேரமுங்க?"

"ஒன்னேகால் மணி நேரம்," என்று எனக்கு முந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அப்படிக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நல்லாப் பண்ணுங்கம்மா. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள்.

வீட்டுக்கார அம்மா மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பிலிருந்த மொட்டை மாடிச் சாவியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். "இதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனல்ல. மேல போயி ஓடு கண்ணு. கதவை மட்டும் சாத்திட்டு வந்துரு."

அன்று சாயங்காலமே ஓடினேன். நான்கு மூலையும் தொட்டு ஒரு சுற்று. ஐம்பது சுற்றுக்கு ஒரு கல்லைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். இருட்டுவதற்குள் மூன்று கல் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் எங்கள் படியில் வந்து நின்றார். வீட்டிலேயே நான்கு தையல் மெஷின் போட்டுச் சின்னதாகத் தொழில் செய்கிறவர். தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, பேசிப் பழக்கமில்லை. தோளில் ஒரு சாக்கு மூட்டை.

"நாந்தானுங்க போலீசுக்குப் போன் பண்ணுனது," என்றார் நேராக.

கதவை முழுசாகத் திறந்தேன்.

"போன வாரம் என்ற மெசினை வந்து நிறுத்தச் சொல்லீட்டுப் போயிட்டாங்க. நாலையும் துணி போட்டு மூடி வச்சிட்டு உக்காந்திருக்கறேன். உங்க ஊட்டுல தினமும் ஓடற சத்தம். எனக்கு மட்டும் ஏனுங்க சட்டம்னு வயிறெரிஞ்சு போச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"எங்களுக்குத் தெரியலைங்க அண்ணே. நாங்கதான் சொல்லியிருக்கணும்," என்றேன். உண்மையில் அதற்கு முந்தைய இரண்டு நாளும் போன் செய்தது யாரென்று யோசித்து யோசித்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆளை எதிரில் பார்த்ததும் கோபம் வரவில்லை. மூட்டையைப் பிடிக்காத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அவர் மூட்டையை இறக்கினார். "கட்டிங் வேஸ்ட்டுங்க. அடியில போட்டு அமுக்குங்க, சத்தம் கேக்காது."

என் வீட்டுக்காரர் அந்தத் துணித்துண்டுகளைச் சாக்கில் திணித்துத் தைத்து, தடிமனான மெத்தை போலாக்கிச் சட்டத்துக்கு அடியில் போட்டார். கடகட சத்தம் உறுமலாகி, உறுமல் முனகலாகித் தேய்ந்தது. நான்காம் நாள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "ஏனுங், இன்னைக்கு ஓட்டலீங்களா? சத்தத்தையே காணோம்!" என்று அவர் கேட்டார். ஓட்டி முடித்து அரைமணி ஆகிறது என்று சொன்னேன். பெரிதாகச் சிரித்தார்.

ஊரடங்கு தளர்ந்ததும் பாதி ஆட்களோடு கம்பெனி திறந்தது. கம்பெனி பஸ் மட்டும் ஓடவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் வந்தால் போதும், மற்றவர்கள் பஸ் விட்ட பிறகு வரலாம் என்று மேனேஜர் போனில் சொன்னார். என் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.

"நான் வந்திருவேன் சார்," என்றேன்.

"எதுலங்க வருவீங்க?"

"சைக்கிள்ல."

"பாத்துக்குங்க," என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில் சாலையில் என்னைத் தவிர ஒரு பால் வண்டியும் இரண்டு நாய்களும்தான். எத்தனையோ நாள் நகராத சைக்கிளை ஓட்டியவளுக்கு மரமும் கடையும் பின்னால் போவதே புதிதாக இருந்தது. காற்று முகத்தில் அடித்ததில் மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பாலம் வருகிற மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மேடு முடிந்த பிறகுதான் ஏறிவிட்டேன் என்பதே தெரிந்தது.

கேட்டில் வாட்ச்மேன் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கிற கருவியை நீட்டினார். அது பீப் பீப் என்று கத்தியது. "சூடு ஜாஸ்தியா காட்டுதுங்கம்மா," என்று இரண்டடி பின்னால் போனார். மிதித்து வந்த சூடு என்று சைக்கிளைக் காட்டினேன். வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார், சரியாக இருந்தது.

அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். "நெசமாவே சைக்கிள்லயா வந்தீங்க?" என்று சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "பஸ் வர்ற வரைக்கும் தினமும் வருவீங்களா?"

"பஸ் வந்தாலும் இதுலதான் சார்," என்றேன்.

உள்ளே போய் லைட்டைப் போட்டேன். செக்கிங் டேபிள்களின் மேல் தூசி படிந்திருந்தது. அன்று என் பிரிவுக்கு வந்தது நான் ஒருத்திதான். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, முதல் டேபிளைத் துடைக்க ஆரம்பித்தேன்.