அண்ணையின் ஐஸ் பெட்டியில் என் இரத்தம்

என் இரத்தம் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. நான் வடமராட்சிக் கரையில், கடல் இரைச்சல் ஓயாத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், கட்டிலில் கிடந்தேன். பால்மாவுக்குக் கியூவில் நின்ற எழுபதுகளின் மாரிகாலம். என் முதல் பிள்ளைக்கு நாலு மாதம். கணவர் கப்பலில், எந்தக் கடலில் என்று எனக்கே தெரியாது. இருமலுக்குப் பிள்ளையைவிட வயது குறைவு, குரல் பெரிது.

பெனிசிலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். இருமல் அதைப் பொருட்படுத்தவே இல்லை. எக்ஸ்-ரேயில் இடது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். சளியில் கிருமி தெரியவில்லை, என்றாலும் நிழலைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். கசம். எங்கள் பக்கத்தில் காசநோய்க்கு அதுதான் பெயர். என் தேநீர்க் கோப்பையை மட்டும் தனியாகக் கழுவினார்கள்.

வேறு காரணம் கெதியாகக் கிடைக்காவிட்டால் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். அங்கே போனால் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். பிள்ளையை ஏற்கெனவே மச்சாள், அண்ணையின் மனைவி, தூக்கிக்கொண்டு போய்ப் போத்தல் பால் பழக்கிக்கொண்டிருந்தாள். நேரம் வந்தால் மார்பு கல்லாகக் கட்டும். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து கோப்பையில் பிழிந்து யன்னலால் ஊற்றுவேன். மாதக் கணக்கில் ஊற்ற எந்த உடம்பு சம்மதிக்கும்? பால் வற்றிவிடும். பிள்ளை என் மணத்தையும் மறந்துவிடும். இருமலைவிட அதுதான் என்னைத் தின்றது.

வார்ட்டில் இளம் லேடி டொக்டர் ஒருவர் இருந்தார். அந்த நிழல் கசம் என்பதில் அவருக்குத் திருப்தியில்லை. இரத்தத்தின் அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், அதற்கு யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். உறையாமலிருக்க மருந்து போட்ட குழாயில் என் இரத்தத்தை எடுத்து, அண்ணையிடம் கொடுத்தார்கள். அண்ணை மீன் வியாபாரி. நாள்தோறும் அவருடைய வான் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போகும்.

முதல் தரம் போன இரத்தத்தை, உறைந்துவிட்டது, எண்ண முடியாது என்று ஆய்வுகூடத்தில் தள்ளிவிட்டார்கள். குழாயைச் சரியாகக் குலுக்கவில்லை என்று நேர்ஸுக்குப் பேச்சு விழுந்தது. அடுத்த தரம் நேர்ஸ் என் கண்ணுக்கு முன்னாலேயே கை வலிக்கக் குலுக்கினாள். அதுவும் உறைந்துபோனதாம். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. தள்ளுபட்ட குழாயைத் திரும்பவும் ஐஸுக்குள் வைத்தே கொண்டுவந்து, பெட்டியோடு நேரே வார்ட்டுக்குள் நுழைந்தார். மீன் மணத்தில் பக்கத்துக் கட்டில்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இரத்தம் பழுதாம் டொக்டர்! பழுதாக நான் என்ன வெயிலிலையே கொண்டு போனனான்? பாரை மீனுக்குப் பக்கத்திலை, போத்தலுக்கை வைச்சு, ஐசுக்கை புதைச்செல்லோ கொண்டு போனனான்!"

"எதுக்கை?"

"ஐசுக்கை. முதல் தரம் கொஞ்சமாப் போட்டனான். இந்தமுறை வஞ்சகமில்லாமல் போட்டனான்."

"ஆர் உங்களுக்கு ஐஸ் போடச் சொன்னது?"

"சொல்லவேணுமே டொக்டர்? சாமான் கெடாமல் கொண்டு போறதுதானே என்ரை தொழில்."

டொக்டர் குழாயை வாங்கிச் சரித்தார். கண்ணாடிச் சுவரில் செம்மணலை அள்ளி எறிந்ததுபோல் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது என் இரத்தம். அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். அண்ணை ஐஸின் அருமை பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார். அவர் மூச்சு விட்ட இடைவெளியில் டொக்டர் கையை விரித்தார். குழாயைச் சரித்தார்.

ஒரு பொருக்கும் இல்லை. நல்லெண்ணெய்போல் வழுவழு என்று இறங்கியது.

"ஐஸ் பெட்டியைத் திறவுங்கோ" என்றார். மாணவியாய் இருந்த காலத்தில் படித்தது ஒன்று இப்போது தன் முன்னே உயிரோடு நிற்கிறது என்று பிறகு சொன்னார்.

புதிதாக என் இரத்தம் எடுத்தார். பிறகு அண்ணையைப் பார்த்து, "உங்கடை கையையும் நீட்டுங்கோ. ஒப்பிட்டுப் பாக்க ஒரு சுகமான ஆளின்ரை இரத்தம் வேணும்" என்றார்.

"எனக்கோ? எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர்!"

"அதுதான் வேணும்."

நாள் முழுக்கச் சுறா வெட்டுகிற மனுசன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அண்ணை, சுறாக்கள் கேள்விப்பட்டால் சிரிக்கப்போகுதுகள்" என்றேன். பல நாளைக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பகிடி. அதோடு இருமலும் வந்தது.

எனாமல் கோப்பையில் ஐஸ் நீர். அதற்குள் இரண்டு குழாய்கள், அண்ணையும் தங்கச்சியும் அருகருகே. சற்றுக் கழித்து எடுத்துச் சரித்தபோது அவருடையது ஒழுகியது, என்னுடையது பொருக்காய் நின்றது. கையில் பொத்திச் சூடாக்க, என்னுடையதும் ஒழுகியது. திரும்ப ஐஸ். திரும்பப் பொருக்கு. பக்கத்துக் கட்டில்காரி மூக்கை மறந்து எழுந்து வந்துவிட்டாள்.

"உது கசமெண்டு எனக்குப் படேல்லை" என்றார் டொக்டர். "நெஞ்சிலை இருக்கிறது வேறை ஒரு கிருமி. பெனிசிலின் அதைத் தொடாது. அதோடை சண்டை பிடிக்க உங்கடை உடம்பு ஒரு சாமான் செய்திருக்கு. குளிர் பட்டால் அது உங்கடை சிவப்பணுக்களையும் ஒண்டோடை ஒண்டு ஒட்டிவிடும், சூடு பட்டால் விட்டிடும்."

உடம்பு செய்த அந்தச் சாமானுக்குப் பெயர் பிறபொருளெதிரி என்று பின்னாளில்தான் படித்தேன். அன்று எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நான் கட்டிலில் அழுதுகொண்டு கிடந்தபோது என் இரத்தம் அழுதுகொண்டு கிடக்கவில்லை. அது படை திரட்டியிருக்கிறது.

ஆனால் கோப்பை ஐஸைக் காட்டிப் பெரிய டொக்டரைச் சம்மதிக்க வைக்க முடியாது. எவ்வளவு என்று அவர் அளவு கேட்பார். அந்த அளவை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு இரத்தம் ஆறாமல் போய்ச் சேர வேண்டும். வழியில் குளிர்ந்தால் அந்தச் சாமான் அணுக்களோடேயே ஒட்டிப் போய்விடும், அளக்க ஒன்றும் மிஞ்சாது.

வாழ்நாள் முழுக்கக் குளிரைச் சுமந்த அண்ணை சூட்டைச் சுமந்து போனார். வானில் ஏறினால் ஐஸ் என்று பஸ்ஸில் போனார். பஞ்சில் சுற்றிய குழாய் கமக்கட்டுக்குள், அக்குள் சூட்டில். வல்லை வெளியில் வாடைக்காற்று யன்னலால் பாய, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றாராம். பஸ் குலுங்கியபோது கொண்டக்டர் சத்தம் போட்டிருக்கிறான்.

"கம்பியைப் பிடியுங்கோ அண்ணை, விழப்போறியள்!"

"ஏலாது தம்பி."

"ஏன், கை முறிஞ்சு போச்சே?"

"இல்லையடாப்பா. அடைகாக்கிறன்."

பஸ் முழுக்கச் சிரித்ததாம். கோப்பாயில் ஒரு மனுசி எழும்பி, "கோழியார் இருக்கட்டும்" என்று இடம் விட்டாளாம்.

ஆய்வுகூடத்தில் சூடு ஆறுமுன் இரத்தத்தின் தெளிந்த நீரான ஊனீரைப் பிரித்து, பாதி பாதியாக நீர் கலந்துகொண்டே போய், வரிசையாகக் குழாய்களில் ஊற்றி, சிவப்பணுக்களைச் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். அண்ணை அன்றைக்கு அரியாலையில் ஒரு கூட்டாளி வீட்டில் தங்கி, விடிய முதல் ஆளாய்ப் போய் வாசலில் நின்றார். வரிசையின் கடைசிக்குக் கிட்டப் போயும், ஊனீர் ஏறக்குறையத் தண்ணீராகிவிட்ட குழாயிலும், அணுக்கள் கட்டிப் பிடித்தபடி இருந்தனவாம். இரத்தத்தைத் தள்ளிவிட்ட அதே மனிதர் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

பெரிய டொக்டர் அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அனுப்புறதை நிப்பாட்டுவம். எரித்ரோமைசினைக் குடுத்து, எக்ஸ்-ரே படம் திரும்ப எடுத்துப் பாப்பம்" என்றார்.

எரித்ரோமைசின் குளிசை தொடங்கிய பிறகு காய்ச்சல் இறங்கியது. இருமல் முனகலாகத் தேய்ந்தது. ஒவ்வொரு வேளையும் பிழிந்து ஊற்றினேன், பிடிவாதமாய், ஊற்று அடைபடக்கூடாதென்று கிணறு இறைக்கிறவளைப்போல. புதுப் படத்தை இளம் டொக்டர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நிழல் இருந்த இடத்தில் என் விலா எலும்புகள் வெள்ளையாய், எண்ணும்படி தெரிந்தன.

"பிள்ளையைக் கூட்டியரச் சொல்லுங்கோ" என்றார்.

மச்சாள் மழைக்குள் பிள்ளையைச் சாக்குக் குல்லாவுக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். பிள்ளை என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். முகத்தைத் திருப்பினான், சிணுங்கினான், மூக்கால் தேடினான். பிறகு பாய்ந்து பிடித்தான். பால் வந்தது. நான் வென்றவளாய் வார்ட்டுக்கே கேட்கச் சிரித்தேன். பால் பெருகி அவனுக்குப் புரையேறியது.

மச்சாள் அவன் தலையைத் தட்டினாள். "மெல்லக் குடியடா கள்ளா. ஆரும் பறிக்க வரேல்லை!"