அக்காவின் துவக்கு அலுமாரி

என் அக்கா வசந்தமலர் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளிடம் ஒரு துவக்கு இருக்கிறது. எங்கள் சனத்திடம் இதைச் சொன்னால் அத்தானைத்தான் பாவம் என்பார்கள். துவக்கென்றால் எங்களுக்கு யுத்தகால நினைவுகள். அக்காவுக்கோ அது மலையில் காட்டுக்கோழி சுடுகிற சாமான், அவ்வளவுதான். கூட வேலை செய்யும் நோர்வேக்காரிகளோடு ஒருமுறை சும்மா போனவள், ஆசைப்பட்டு வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிஸில் அனுமதி எடுத்து, 2009இல் சொந்தமாகவே ஒன்றை வாங்கிவிட்டாள்.

சட்டமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் துவக்கு அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். நாலைந்து பிடிக்கும். ஆனால் வேட்டையில் இரண்டுக்கு மேல் போடக்கூடாதாம். அதற்காக உள்ளே ஒரு கட்டையை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"ஏனக்கா ரெண்டு? கஞ்சத்தனமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு வெடியிலையும் விழாட்டி அது பறக்கட்டுமன், அஜந்தா. அதுவும் ஒரு சீவன்தானே."

துவக்கை வைக்க இரும்பு அலுமாரி வேண்டும் என்பதும் சட்டம். அது வந்து சுவரோடு பூட்டியதும் யோகலிங்கம் அத்தானுக்குக் கண் விரிந்தது. கள்ளன் அசைக்கமுடியாத பெட்டி! அவருடைய சங்கிலி உட்பட வீட்டு நகையெல்லாம் அதற்குள் போனது. அலுமாரித் திறப்பும் அத்தானின் சாவிக்கொத்தில் ஏறியது. அந்த வீட்டுத் திறப்பெல்லாம் அவரிடம்தான். கலியாணவீட்டுக்கு அக்கா எந்தச் சங்கிலி போடுவது என்பதுகூட அவர் எடுத்துத் தந்தால்தான். அனுமதி எடுத்தவரைத் தவிர வேறு யாரும் அந்தத் திறப்பை வைத்திருக்கக்கூடாது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"நான் என்ன பிறத்தியானோ?" என்றார் மனிசன். அதோடு கதை முடிந்தது.

ஆகஸ்ட் கடைசியில், அலுமாரியைப் பார்க்க வருவதாகப் பொலிஸ் அறிவித்தது. செப்டெம்பரில் கோழி வேட்டை தொடங்கும். அக்கா லீவும் எடுத்து வைத்திருந்தாள். பிழை கண்டால் அனுமதியைப் பறித்துவிடுவார்கள்.

"இஞ்சருங்கோ, திறப்பை இப்பவே தாங்கோ," என்று அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்து கேட்டாள்; நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"வரட்டும், தாறன்."

வந்தவன் ஓர் இளந்தாரி. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நான் நீட்டிய வடையையும் எடுத்தான். அக்கா குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அலுமாரி எங்கே என்று அவன் கேட்டதுதான் தாமதம், அத்தான் எழும்பி, கொத்தை எடுத்து, படாரென்று திறந்துவிட்டார். உள்ளே துவக்கின் குழாயில் அக்காவின் பதக்கச் சங்கிலி தொங்குகிறது! முருகா!

"துவக்கு உங்களுடையதா?"

"இல்லை, மனைவியினுடையது," என்றார் அத்தான். பெருமை வேறு!

பொலிஸ்காரன் வடையைத் தட்டில் திருப்பி வைத்தான். அக்கா கோப்பியோடு வந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. திறப்பு இவரிடம்தான் இருந்தது, பிழைதான் என்றாள். அவன் துவக்கை எடுத்து, உள்ளே கட்டை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

"துவக்கில் குறையில்லை. இன்னொருமுறை திறப்பு வேறு கையில் இருந்தால் துவக்கை எடுத்துக்கொண்டு போவோம்."

"நான் இவவின் புருசன்," என்றார் அத்தான்.

"இந்த அலுமாரிக்கு நீங்கள் வெளியாள்," என்றான் அவன், மிகவும் மரியாதையாக. பிறகு வடையைச் சாப்பிட்டான். அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா அந்த இடத்திலேயே கொத்திலிருந்து திறப்பைக் கழற்றி, ஊசியால் தன் தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டாள்.

செப்டெம்பரில் ஒரு கலியாணம். அத்தான் வெறுங்கழுத்தோடு வந்தார்.

"எங்கை யோகு, சங்கிலி?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த ஜெயரத்தினம் அண்ணர்.

"அலுமாரிக்கை. திறப்பு மனிசியின்ரை தாலிக்கொடியிலை, மனிசி மலையிலை," என்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "கொடி நான் போட்டதுதான் அண்ணை, ஆனா திறப்பைத் தொட்டனெண்டால் பொலிஸ் வரும்."